பாதிப் பலகையில் ஒரு ரேடியோ

பீர் முகமது அண்ணன் தகடு வெட்டுகிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செஞ்சி பஜாரில் எங்கள் மளிகைக் கடையும் வீடும் ஒன்றாக இருந்தன. எங்கள் கிணற்றடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, அதன் முன்கட்டில் அவருடைய தகரப் பட்டறை. மண்ணெண்ணெய் புனல், எண்ணெய் அளக்கும் உழக்கு, சிம்னி விளக்கு, அரிசி டின் என்று எது கேட்டாலும் செய்து கொடுப்பார். தகட்டைத் தரையில் விரித்து, வெட்ட வேண்டிய வடிவங்களை அதன் மேல் வைத்து, அப்படித் திருப்பி இப்படித் திருப்பி, ஒன்றின் வளைவுக்குள் இன்னொன்றின் மூக்கு போய் உட்காரும்வரை கத்திரியைத் தொடமாட்டார். புனல் வெட்டிய மிச்சத்தில் ஒரு மூடி வரும், மூடி வெட்டிய மிச்சத்தில் திரிக்கு ஒரு குழல் வரும். அதற்குப் பிறகும் மிச்சம் விழுந்தால் அன்றைக்கு மனிதருக்குச் சோறு இறங்காது. தகரம் லேசில் கிடைக்காத காலம் அது என்பது உண்மைதான். ஆனால் வெறும் காகிதத்தைக் கொடுத்தாலும் அவர் அப்படித்தான் வெட்டுவார். அந்தப் பழக்கம்தான் அவரைக் கொண்டுபோய் வம்பில் மாட்டியது.

என் பெயர் ஜெயம். என் வீட்டுக்காரர் கிருஷ்ணமூர்த்தி நல்ல மனிதர், ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் ஐந்தாவதாகத் தலையாட்டுகிறவர். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதற்கும் தலையாட்டினார்.

பீர் முகமது அண்ணனுடைய குடும்பம் நவாப் காலத்தில் கோட்டை வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். நாங்கள் திண்டிவனத்திலிருந்து வந்து பத்துப் பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்த அரிகிருஷ்ணனின் அப்பா பண்ருட்டியிலிருந்து வந்தவர். யார் யாருடைய ஊரில் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தால் நாங்கள் எல்லாரும் அவருடைய ஊரில்தான் இருந்தோம். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அவர் மனைவி அசீசுன்னிசா கல்யாணமாகி இந்த ஊருக்கு வரும்போதே இடுப்பில் தன் தம்பியையும் தூக்கிக்கொண்டு வந்தவள். தாயில்லாப் பிள்ளை. பெயர் ரஹமத். இவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை, அதனால் அவனே பிள்ளையாகிவிட்டான். அவன் வளர்ந்து, லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒருநாள் வேலூருக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அறுபத்தைந்தாம் வருஷம் பஞ்சாப் பக்கம் சண்டை மூண்டபோது அவன் அங்கேதான் இருந்தான். கடிதம் நின்றுபோயிற்று. ரஹமத் பிற்பாடு நல்லபடியாகவே ஊர் திரும்பினான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை உங்களைத் தவிக்கவிடுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த செப்டம்பரில் அது எங்களில் யாருக்கும் தெரியாது. அசீசுன்னிசாவுக்கு இருந்த ஒரே வழி ரேடியோ. அதுவும் எங்கள் வீட்டு ரேடியோ.

சாயங்காலச் செய்தி நேரத்துக்கு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிச் சுவரோரம் வந்து நிற்பாள். நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். வைத்து என்ன பயன்? அரிகிருஷ்ணனும் இன்னும் நாலைந்து கடைக்காரர்களும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, செய்தி வாசிப்பவர் வாயைத் திறக்கும் முன்பே சண்டையை நடத்தி முடித்துவிடுவார்கள். இவர்கள் லாகூருக்குள் போவார்கள், வருவார்கள், மறுபடியும் போவார்கள். எல்லாம் எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டுதான். சுவருக்கு அப்பால் நிற்பவளுக்குப் பாதிதான் கேட்கும். முடிந்ததும், “அக்கா, கடைசியா எந்த ஊரச் சொன்னாங்க?” என்று கேட்பாள். எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லும்போது அவள் முகம் போகிற போக்கை என்னால் பார்க்க முடியாது. தண்ணீர் மொள்ளாமலே வெறும் குடத்தோடு திரும்பிப் போவாள்.

இதை அண்ணனும் பார்த்திருக்கிறார். ரேடியோ சாமான்கள் மேல் அவருக்கு வெகுநாளாகவே ஒரு கிறுக்கு உண்டு. சென்னைக்குத் தகடு வாங்கப் போனால் மவுண்ட் ரோடு பக்கத்துச் சந்துகளில் ரேடியோ சாமான் விற்கிற கடைகளை ஒரு சுற்றுச் சுற்றாமல் பஸ் ஏறமாட்டார். முன்பே ஒரு சின்ன ரேடியோ செய்திருந்தார். காதில் குழாயை வைத்துக்கொண்டு அவர் ஒருவர் மட்டும் கேட்கலாம். இப்போது பெண்சாதிக்காக, பேட்டரியில் ஓடுகிற, சத்தமாகப் பேசுகிற டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றைத் தானே செய்வதென்று இறங்கினார். அதற்கான சாமான்களையும், எதை எங்கே வைத்துப் பற்றவைப்பது என்று காட்டும் படம் ஒன்றையும் சென்னையில் வாங்கி வந்தார்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு முழப் பலகையில் சாமான்களை எட்ட எட்ட வைத்து, நடுவில் வெற்றிடமாக விட்டிருந்தார்கள். “இன்னா தங்கச்சி இது? இவ்ளோ எடத்த சும்மா உட்ருக்கான். ஊரான் ஊட்டுப் பலகதான, அவனுக்கு இன்னா வலிக்குது,” என்று என்னிடம் காட்டி அங்கலாய்த்தார். பிறகு தகட்டில் வடிவங்களை வைத்துப் பார்ப்பதுபோலவே சாமான்களை வைத்துப் பார்த்தார். திருப்பினார், நெருக்கினார், ஒன்றின் இடுக்கில் இன்னொன்றைச் செருகினார். படத்திலிருந்ததில் சரிபாதிப் பலகையில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டார். பற்றவைத்த ஈயப்பொட்டுகள் கம்மல் கல் மாதிரி வரிசையாக இருந்தன. அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருக்க லைசன்ஸ் வேண்டும், அதையும் தபாலாபீசில் வாங்கிவிட்டார். ஏரியல் கம்பியை எங்கள் தென்னைமரத்தில் கட்டிக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டுத்தான் கட்டினார்.

அது பேசியது. முதல் நாள் அசீசுன்னிசா என்னைச் சுவரோரம் கூப்பிட்டுக் காட்டினாள். பெட்டிகூட இல்லை, வெறும் பலகையும் ஒரு ஸ்பீக்கரும்தான். நடுநடுவே கொஞ்சம் ஊளையிட்டது, ஆனாலும் செய்தி புரிந்தது. அவள் அதன் பக்கத்தில் சம்மணம்போட்டு உட்கார்ந்து ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். 

அதே நேரத்தில்தான் எங்கள் ரேடியோவுக்குக் கேடு வந்தது. செய்தி தொடங்கியதும் ‘ஊய்ங்’ என்று ஒரு விசில் கிளம்பும். ஏறும், இறங்கும், செய்தி முடிந்ததும் நின்றுவிடும். என் வீட்டுக்காரர் ரேடியோவின் தலையில் தட்டினார், முதுகில் தட்டினார். ரிப்பேர்காரர் வந்து தூசு தட்டி, கூலி வாங்கிக்கொண்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் விசில் வந்தது.

அரிகிருஷ்ணனுக்குக் கூர்மையான காது. செய்தி நேரத்தில் மட்டும்தான் விசில் வருகிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். ஒரு சாயங்காலம் எழுந்து பின்கட்டுக்குப் போய், தென்னைமரத்திலிருந்து பீர் முகமது வீட்டுக்குப் போகிற கம்பியைப் பார்த்துவிட்டு வந்தார். சண்டைக் காலம். எந்த ஊரிலும் ஒற்றன் இருக்கிறான் என்று பேச்சு. பாய் வீட்டில் ஒரு கம்பி, செய்தி நேரத்தில் ஒரு விசில். கூடத்தில் இருந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

“கேக்கற பொட்டி இப்டி கத்தாது. இது அனுப்பற பொட்டி,” என்றார் அரிகிருஷ்ணன். லைசன்ஸ் வாங்கியிருக்கிறாரே என்று நான் உள்ளேயிருந்து சொன்னேன். அது கேட்பதற்குக் கொடுத்த லைசன்ஸ், அனுப்புவதற்கு இல்லை என்றார். ரஹமத் பட்டாளத்தில் இருப்பது இவர்கள் எல்லாருக்கும் தெரியும். அரிகிருஷ்ணனின் மண்டி லாரியில்தான் அவன் ஓட்டவே பழகினான். தெரிந்தும் பேசினார்கள். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல் தலை ஒரு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்குக் காபியில் உப்பைப் போட்டுக் கொடுத்திருப்பேன். ஆனால் அந்தக் காபிக்கும் பொடி எங்கள் கடைப் பொடிதானே.

நேராகக் கிணற்றடிக்குப் போய் அசீசுன்னிசாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் உள்ளே போய் ரேடியோவை அணைத்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் போடவில்லை. எங்கள் ரேடியோவில் விசிலும் வரவில்லை. விசில் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிடலாம் என்று அரிகிருஷ்ணன் எழுந்தேவிட்டார்.

அப்போதுதான் பீர் முகமது அண்ணன் எங்கள் முன்வாசலில் வந்து நின்றார். எத்தனையோ வருஷப் பழக்கத்தில் பின்கட்டு வழியாகத்தான் அவருக்குப் போக்குவரத்து. அன்று சட்டை மாற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பலகையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்வாசலில் நின்றார்.

“விசிலு என் பொட்டியிலேர்ந்துதான் வருது. தப்பு அதுலதான் இருக்குது,” என்றார். “ஸ்டேஷனுக்கு நானே எடுத்துட்டுப் போறேன். ஆனா அங்க வெச்சுட்டா சத்தம் நின்னுடும், காரணம் தெரியாது. என் ஊட்டுக்காரிக்கு நியூஸும் நின்னுடும். கொஞ்ச நாளு டைம் குடுங்க. நீங்க ஒங்க ரேடியோவப் போட்டு வெய்யுங்க, நான் அந்தப் பக்கம் சரி பண்றேன். விசிலு வருதா இல்லியான்னு ஒங்க ரேடியோதான் எனக்குச் சொல்லணும்.”

 அரிகிருஷ்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வழக்கம்போல் தலை எந்தப் பக்கம் ஆடுமோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவர் எழுந்தார். கடைக்குள் போய், காலியான டீத்தூள் பெட்டி ஒன்றின் பலகையைப் பெயர்த்து எடுத்து வந்து அண்ணன் கையில் கொடுத்தார். “இது பெருசு பாய். ஒங்களுக்கு ஒதவும்,” என்றார். அவ்வளவுதான் பேசினார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரரை நினைத்துப் பெருமைப்பட்டேன். அரிகிருஷ்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, முழுதாகச் செய்து முடித்த பிறகு ஒருதரம் விசில் கேட்டாலும் ஸ்டேஷன்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு எங்கள் கிணற்றடி பட்டறையானது. எங்கள் ரேடியோவை ஜன்னலோரம் திருப்பி வைத்து நான் பக்கத்தில் நிற்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன். கரியடுப்பில் ஈயம் பற்றவைக்கும் செம்புக் கட்டை காய்ந்துகொண்டிருக்கும். அசீசுன்னிசா விசிறுவாள். அவர் ஒரு சாமானைப் பெயர்ப்பார், வேறு இடத்தில் வைப்பார், ரேடியோவைப் போடுவார். நான் “வருது” என்று கத்துவேன். மறுபடி பெயர்ப்பார். அடுப்பில் குழம்பு கருகினாலும் என் வேலை வருது, வருது என்று கத்துவதுதான். பேட்டரியைத் தள்ளி வைத்துப் பார்த்தார், பயனில்லை. ஸ்பீக்கரைத் தூரத்துக்குக் கொண்டுபோனார், அதற்கும் அடங்கவில்லை.

பிறகொரு நாள் அசீசுன்னிசா ஒரு கம்பிச்சுருளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பலகையில் அது இருந்த இடத்தில் அவர் வேறெதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவள் கை வலிக்கிறதென்று சுருளைத் தள்ளிப் பிடித்தாள். எங்கள் ரேடியோவில் விசில் குறைந்தது. “கொறைஞ்சுடுச்சு” என்று கத்தினேன். கிட்டே கொண்டுவரச் சொன்னார், ஏறியது. தள்ளினாள், இறங்கியது. சுருளைக் குறுக்காகத் திருப்பினாள், கிட்டத்தட்ட நின்றேவிட்டது. அண்ணன் பட்டறைக்கு ஓடிப்போய் அரிசி டின் மூடி ஒன்றைக் கொண்டுவந்து சுருளுக்கும் மற்றச் சாமான்களுக்கும் நடுவில் சுவர்போலச் செருகி, அதிலிருந்து ஒரு கம்பியைப் பேட்டரிப் பக்கம் இழுத்துக் கட்டினார். அப்போது எங்கள் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் குரல் மட்டும்தான் கேட்டது. “போச்சு” என்றேன். 

சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அண்ணன் பழைய படத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் புரியும்படி சொன்னார். கல்யாண வீட்டு மைக்கை அதன் குழாய்க்கு எதிரில் கொண்டுபோனால் ஊளையிடும் இல்லையா, அதே சங்கதி. பலகையில் ஒரு முனையில் வருகிற சின்னச் சத்தம் மறுமுனையில் பெரிதாகி வெளியே போக வேண்டும். இவர் நெருக்கி வைத்ததில் இரண்டு முனையும் மூக்கோடு மூக்கு உரச, பெரிதானது திரும்ப உள்ளே புகுந்து, இன்னும் பெரிதாகி, சுற்றிச் சுற்றி ஊளையாகி, தென்னைமரத்துக் கம்பி வழியாக வெளியேறி எங்கள் ரேடியோவில் வந்து விழுந்திருக்கிறது.

“சும்மா உட்ட எடம்னு நெனச்சேன் தங்கச்சி,” என்றார். “அந்த எடமும் ஒரு சாமான்தான். நான்தான் அத வாங்கியாந்தும் மாட்டாம உட்டுட்டேன்.”

ஒரு துண்டு மிச்சம் விழாமல் வாழ்ந்த மனிதருக்கு இதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அசீசுன்னிசா வாய்விட்டுச் சிரித்தாள். வெகுநாளைக்கப்புறம் கேட்ட சிரிப்பு அது. அவரும் சிரித்துவிட்டார்.

எல்லாவற்றையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். எங்கள் டீத்தூள் பெட்டிப் பலகையில் ஈரம் ஏறாமலிருக்க மெழுகு காய்ச்சித் தடவினார். சாமான்களை எட்ட எட்ட வைத்தார். சுருளைக் குறுக்கே போட்டார். நடுவில் தகரச் சுவர் ஒன்றை நிறுத்தி, மொத்தத்துக்கும் தகரத்தில் ஒரு பெட்டி செய்தார். பலகையில் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கிறது என்று அவரே சொன்னார். ஆனால் அந்த இடத்தைத் தொடவில்லை. கையில் பிடித்துப் பார்த்தபோது நின்ற விசில், முழுதாகப் பூட்டிய பிறகும் நிற்குமா என்பதுதான் கேள்வி. மறுநாள் சாயங்காலச் செய்திக்கு எல்லாரும் வந்து கேட்பதென்று ஆயிற்று.

அன்றைக்குப் பார்த்துச் சண்டை நிற்கப் போகிறது என்று காலையிலிருந்தே ஊரெல்லாம் பேச்சு. எங்கள் கூடத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். அரிகிருஷ்ணன் ரேடியோவுக்கு நேர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் ஊர்க் கோட்டை மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரி மலைக்குப் பின்னால் மேகம் கறுத்து, காற்று கிளம்பியிருந்தது. நான் சுவரோரம் போய்ப் பார்த்தேன். அசீசுன்னிசா தகரப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “விசிலு வந்துட்டா இது போயிடும் இல்லக்கா?” என்று கேட்டாள். வராது என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

செய்தி தொடங்க இருந்த நேரத்தில் கரண்ட் போயிற்று.

எங்கள் ரேடியோவின் முகப்பு வெளிச்சம் அணைந்து, பெட்டி செத்துப்போயிற்று. இருட்டில் எல்லாரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது கிணற்றடிப் பக்கமிருந்து, பேட்டரியில் ஓடுகிற தகரப்பெட்டியிலிருந்து, செய்தி வாசிப்பவர் குரல் தெளிவாக வந்தது.

நான் விளக்கைக் கொளுத்திக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். அத்தனை ஆண்களும் என் அடுப்படி வழியாக வரிசையாகப் போய்க் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். அண்ணன் இவர்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ரேடியோவைத் தூக்கிச் சுவர்மேல் வைத்தார். அசீசுன்னிசாவும் எழுந்து வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பெட்டி விழுந்துவிடாதபடி கையால் பிடித்துக்கொண்டாள். கூட்டம் பழக்கதோஷத்தில் பேச ஆரம்பித்தது. சண்டையை இப்போது நிறுத்தலாமா கூடாதா என்று ஒருவர் தொடங்கினார்.

“பேசாதீங்க,” என்றாள் அசீசுன்னிசா. அந்நிய ஆண்கள் எதிரில் அவள் குரல் எழுந்து நான் கேட்டதில்லை. “என் தம்பி அங்க இருக்கான்.”

 சண்டை நிறுத்தம் என்று செய்தி வந்தது. எந்த நேரத்திலிருந்து என்று சொன்னார்கள். கடைசி ஊர்ப் பெயர்வரை முழுதாகக் கேட்டோம். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைப்பதற்குக்கூட அவள் அந்தப் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. செய்தி முடிந்தது.

பீர் முகமது அண்ணன் அரிகிருஷ்ணனைப் பார்த்தார். செய்து முடித்த வேலைக்குத் தீர்ப்பு கேட்டு நின்றார். “அண்ணே, விசிலு கேட்டுச்சா?” என்றார்.

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. விசில் கேட்க வேண்டிய எங்கள் ரேடியோ இருட்டில் செத்துக் கிடந்தது. வந்ததா வரவில்லையா என்று சொல்ல அந்த ஊரில் ஒருவராலும் முடியாது. என் வீட்டுக்காரர் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அரிகிருஷ்ணன் அந்தப் பெட்டியைப் பார்த்தார். அதைப் பிடித்துக்கொண்டிருந்த கையைப் பார்த்தார்.

“இல்ல பாய்,” என்றார். “ஒருவாட்டிகூடக் கேக்கல.”

அதுவரை எனக்கு அந்த மனிதரைக் கட்டோடு பிடிக்காது. அன்று எல்லாரும் கிளம்பிப் போகும்போது அவருக்கு மட்டும் விளக்கைத் தூக்கிப் பிடித்து வாசல்வரை வழிகாட்டினேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே கரண்ட் வந்துவிட்டது. எங்கள் ரேடியோவை யாரும் போடச் சொல்லவில்லை. நானும் போடவில்லை.